மூடிய அண்டா

"அம்மா, என்னைச் சமையல்லேர்ந்து விடுவிச்சிடுங்க" என்றார் நீலமேகம்.

மரகதம்மாள் எங்கள் மலை மடத்துக்குக் குரு. வயதில் நீலமேகத்தைவிட இளையவர்.

"ஏன்?"

"சாம்பார்ல பல்லி விழுந்திருக்கும்னு தோணுது."

"அண்டாவை மூடித்தானே வச்சீங்க?"

"மூடுறப்பவே விழுந்திருந்தா?"

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சரியாப் பார்த்தேனான்னு தெரியல."

நீலமேகத்தின் சோற்றில் கல் கடிபட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. அப்படி ஒரு சுத்தம், அப்படி ஒரு கவனம். அக்கம்பக்கத்து மடங்களில் அவரைப் பற்றிச் சொல்லி நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம்.

ஆனால் இந்தப் பயம் வேறு. போன அமாவாசையன்று அது முற்றிப்போய், மொத்தச் சாம்பாரையும் கொல்லையில் கொட்டிவிட்டார். மலையேறி வந்தவர்கள் பட்டினியோடு இறங்கினார்கள். அதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் இருந்தாள். அதை நினைத்து மனுஷர் உருகிப்போனார்.

இன்றும் பந்தி உட்கார்ந்துவிட்டது. குழந்தைகள் இலையைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"பல்லி இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பரிமாறிடுறேன்."

அந்த வார்த்தையை நாங்கள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். அடுப்படிக்குத் திரும்புவதற்குள் அவருக்கு அது போதாமல் போய்விடும்.

"சொல்ல மாட்டேன்" என்றார் மரகதம்மாள்.

நீலமேகம் திகைத்தார். "அப்போ விழுந்திருக்குமா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

"இந்தப் பயம் போகட்டும்மா. அப்புறம் பரிமாறுறேன்."

"அது எப்பப் போகும்?"



மரகதம்மாள் எழுந்து பந்தியின் கடைசியில் போய் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் அத்தனை இலைகள். எல்லா இலையிலும் சோறு விழுந்தது.

நீலமேகம் அண்டாவைப் பார்த்தபடி நின்றார். மூடியைத் திறந்தார். கரண்டியைவிட்டுத் துழாவப் போன கையை நிறுத்திக்கொண்டார். வாளியில் மொண்டார்.

முதல் இலைக்கு ஊற்றியதில் பாதி தரையில் சிந்தியது. யாரோ சிரித்தார்கள். அவர் நிற்கவில்லை. அடுத்த இலை, அதற்கடுத்த இலை. முகமெல்லாம் வேர்வை. ஒரு தடவைகூட வாளிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்று அந்தக் கையால் சாப்பிட்டவன் நான் என்று இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன்.

கடைசி இலைக்கு வந்தார். ஊற்றினார்.

"அம்மா, பயம் அப்படியேதான் இருக்கு."

மரகதம்மாள் சாம்பார் சாதத்தை ருசித்துச் சாப்பிட்டு முடித்தார். மீதிச் சோற்றின் நடுவே விரலால் குழி பண்ணினார்.

"இருக்கட்டும். ரசம் கொண்டாங்க."