குடுவைக்கொடியின் மூடாத மூடி

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் வாய் திறந்து பேசும். நம் வளவளப்பு தாங்காமல்தான் பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டன போலிருக்கிறது.

மழை ஓயாத ஒரு மலைச்சரிவில் குருவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். வாசலில் ஒரு கொடி வளர்த்தாள். அப்போது அதற்குக் குடுவையும் கிடையாது, மூடியும் கிடையாது, வெறும் இலைதான். தான் பட்டினி கிடந்தாலும் அதன் வேருக்கு எருவும் கழுநீரும் போய்விடும். அவ்வளவு செல்லம்.

அவளுடைய கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்தது. ஈ உட்கார்ந்த இடமெல்லாம் சீழ் பிடித்தது. இன்னும் ஒருநாள் ஈ மொய்த்தால் பிள்ளை தங்காது. பச்சிலையோ மலைக்கு அந்தப் பக்கம். தூக்கிக்கொண்டு போனால் மழை கொன்றுவிடும், விட்டுவிட்டுப் போனால் ஈ கொன்றுவிடும். துணைக்கு அக்கம்பக்கம் இல்லை. பால் கொடுத்து, கொடி படர்ந்த கூரையடியில் பிள்ளையைக் கிடத்தினாள்.

"தாயே, நான் வரும்வரை பார்த்துக்கொள். கண்ணை மட்டும் மூடிவிடாதே," என்று கொடியிடம் சொன்னாள்.

கை இல்லாதவளிடம் காவலை ஒப்படைத்தால் என்ன ஆகும்? அவள் தலை மறைந்ததும் ஈக்கள் வந்து அப்பின. கொடி இலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துச் சலித்தது. கடைசியில், ஈயை விழுங்க எனக்கு ஒரு வயிறு கொடு என்று மண்ணிடம் கேட்டது.

"தருகிறேன். ஆனால் ஓர் உயிருக்கு இரண்டு அடுப்பு கிடையாது. இனி என் சோறு உன் உடம்பில் ஒட்டாது," என்றது மண்.

கொடி பிள்ளையைப் பார்த்தது. "சரி," என்றது.

அவ்வளவுதான். இலை நுனியெல்லாம் நீண்டு, தொங்கி, உப்பி, குடுவை குடுவையாக ஆனது. விளிம்பில் தேன் கசிந்தது. ஈக்கள் பிள்ளையை விட்டு அங்கே பறந்தன, வழுக்கி உள்ளே விழுந்தன. மழை நிரம்பி வழியாமலிருக்க ஒவ்வொரு வாய்க்கு மேலும் ஒரு சின்ன மூடி, கண்ணிமை மாதிரி.

பொழுது சாய ஓடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளை மேல் ஓர் ஈ இல்லை. தலைக்கு மேலே நூறு குடுவைகள் ஆடிக்கொண்டிருந்தன. தன்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பச்சிலையில் பிள்ளை தேறியது. நன்றிக்கு அவளுக்குத் தெரிந்தது என்ன, பாவம், ஒரு கூடை எருவைக் கொண்டுவந்து வேரில் கொட்டினாள். கொடி கருகத் தொடங்கியது.

"வேண்டாம் அம்மா. அந்தச் சோற்றைக் கொடுத்துத்தான் உன் பிள்ளையை மீட்டேன். மழைத்தண்ணீர் போதும்."

குருவம்மாள் எருவை இரு கையாலும் அள்ளி எடுத்துக்கொண்டே விம்மி விம்மி அழுதாள். அந்த அழுகையில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டாள்: நான் வந்துவிட்டேன், இனி நீ கண்ணை மூடலாம் என்று.

அன்று முதல்தான் குடுவைக்கொடியை வீட்டில் வளர்ப்பவர்கள் எரு போடாமல் மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். கொடியும், இமை போல மூடி இருந்தும் மூடாமல், அவள் வந்து சொல்லட்டும் என்று இன்னும் விழித்திருக்கிறது.