குழல் இல்லாத துளை

மலையூரில் பழைய தேவாலயங்களின் குழல் ஆர்கன்களைப் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறை ஒன்று இருந்தது. நடத்தியவள் பிரகாசி. அவளிடம் தொழில் பழக வந்த வருவேல் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், கடற்கரைக்காரர். வலை இழுத்துக் காய்த்த அந்தக் கை, ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்தியில் ஆட்டுத்தோல் ஒட்டப் பழகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மரத்தில் ஒட்டிய பசையைவிடச் சட்டையில் ஒட்டியதே அதிகம் என்று பிரகாசி கேலி செய்வாள். அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

சிரிக்கிற நிலையிலா இருந்தார் மனுஷன்? அவர் காய்ச்சலில் படுத்த அன்று, அவருக்குப் பதிலாக மகன் கடலுக்குப் போனான். படகு மட்டும் கரைக்கு வந்தது. அவன் சட்டைகளைக் கொளுத்தினார், படத்தை உடைத்தார், அலைச்சத்தம் எட்டாத ஊராகத் தேடி இங்கே வந்தார். அவன் பெயர் அதன்பின் அவர் வாயில் வரவில்லை.

ஒரு மத்தியானம், தோல் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"மேஸ்திரியம்மா, அவன் அப்பான்னு கூப்பிடுத சத்தம் காதைவிட்டுப் போகல. அவனோடத எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இது எப்ப நிக்கும்?"

பிரகாசி எழுந்துபோய், வேலை பாதியில் இருந்த ஆர்கனுக்குக் காற்றைத் திறந்துவிட்டாள். யாரும் கட்டையைத் தொடவில்லை. ஆனாலும் ஒரு குழல் ஓயாமல் கத்தியது. குழலுக்கு அடியில் காற்றை அடைக்கும் மூடி திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இப்படித்தான். பட்டறையில் இதை அழுகை என்பார்கள்.

"நிறுத்துங்க அண்ணாச்சி."

புதிதாகப் பழகுகிற எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். குழலைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. அப்பாடா என்று அவர் நிமிர்வதற்குள் பிரகாசி கட்டைகளில் விரல் வைத்து ஒரு பாட்டைத் தொடங்கினாள். மற்றக் குழல்கள் எல்லாம் சீக்காளிகளாக முனகின.

"குழல் இருந்த துளையில கையை வையுங்க."

வைத்தார். காற்று உள்ளங்கையை முட்டியது. அழுத்திப் பொத்தினார். தோள் வலித்ததும் எடுத்துவிட்டார். காற்று புஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது.

"காத்து நிக்கலியேம்மா."

"நிக்காது. நீங்க எடுத்தது குரலைத்தான். காத்து இப்ப மத்ததோட பங்கையும் சேத்துக் கொண்டுபோவுது."

"இதுக்கு வழி?"

"இதுக்கு உண்டு. அடியைத் திறந்து மூடியைச் சரிபண்ணிரலாம். உங்களைத் திறக்க எனக்கு வழி தெரியாது அண்ணாச்சி."

இவ்வளவு தூரம் மலையேறி வந்தது இதைக் கேட்கத்தானா? வருவேல் குழலை மார்போடு பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிரகாசி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளும் நான் கேக்கல. பையன் பேரு என்ன அண்ணாச்சி?"

வருவேல் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.