ஆவுடையம்மாளின் சிரிப்பும் பழைய லென்சும்

எங்கள் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தொன்பது. தாடி, காவி, ஆசிரமம் எதையும் தேடாதீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில், ஞாயிறுதோறும் பத்து மணிக்கு நடக்கும் போட்டோ வகுப்பு அது. குருவின் பெயர் ஜெபக்கனி. நானும் அங்கே சீடன்தான். ஆனால் இந்தக் கதையில் எனக்கு வேலை ஏதும் இல்லை. வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான்.

குற்றாலிங்கம் சார் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். முப்பது வருஷம் விசில் ஊதி பஸ்களை விரட்டியவர். எதுவானாலும் அந்த நிமிஷத்தில் நடந்தாக வேண்டும் மனுஷனுக்கு.

அன்றைக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

“டீச்சர், ரொம்ப வேகமா ஃபோகஸ் ஆகுத லென்ஸ் எது?”

“எதுக்கு சார்?”

“என் வீட்டுக்காரி சிரிக்கணும்.”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். பத்திரிகையில் தம்பதி படம் போட வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். மனைவி ஆவுடையம்மாளோ, “என் மூஞ்சி வேண்டாம், பிள்ளையார் படத்தைப் போடுங்க” என்று சொல்லிவிட்டாராம். கல்யாண போட்டோவிலிருந்து ஆதார் கார்டு வரைக்கும் அந்த அம்மா சிரித்த படம் ஒன்றுகூட இல்லை.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, சிரின்னு சொல்லுதேன். வாயைத் தச்ச மாதிரி உக்காந்திருக்கா. தப்பித்தவறி சிரிச்சாலும் கையால பொத்திருதா. அதுக்குள்ள புடிக்கணும்லா?”

ஜெபக்கனி அலமாரியைத் திறந்து ஒரு லென்சை எடுத்தார். ஏதோ ஒரு காலத்து ஃபிலிம் கேமராவுடையது. முழுக்க இரும்பு, கண்ணாடி. படிக்கல் மாதிரி கனம். நடுவில் ஓர் அடாப்டரைப் போட்டு, சாருடைய புத்தம்புது டிஜிட்டல் கேமராவில் அதை மாட்டினார்.

“இது தானா ஃபோகஸ் ஆகுமா?”

“ஆகாது. இந்த வளையத்தை நீங்கதான் திருப்பணும்.”

“நான் வேகமானதுல்லா கேட்டேன்?”

“ஆமா, கேட்டீங்க” என்று சொல்லிவிட்டு குரு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எனக்கே பொறுக்கவில்லை. என் பையில் வேகமான லென்ஸ் ஒன்று இருந்தது. கொடுக்கலாம் என்று கையை விட்டேன். குரு ஒரு பார்வை பார்த்தார். கையை எடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“சிரிச்சிட்டா டீச்சர்.”

“நல்லதுதானே!”

“என்னத்த நல்லது! கேமரா க்ளிக் ஆகல.”

பழைய லென்ஸ் கேமராவோடு பேசாது. அதனால் லென்ஸ் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. ‘லென்ஸ் இல்லை’ என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு, படம் எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. சார் பதறிப்போய், “ஏட்டி, லென்சே இல்லங்குது!” என்று கத்தியிருக்கிறார்.

ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாராம். “இம்புட்டுப் பெருசா முன்னால நிக்கத இல்லங்குதா? சரிதான், உங்க கேமராவும் உங்கள மாதிரியேதான் இருக்கு.” சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

“கையால பொத்தக்கூட இல்ல டீச்சர். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் சிரிச்சா. போச்சே!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குரு கேமராவை வாங்கினார். லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று மெனுவில் ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

“இது உங்களுக்கு முன்னமே தெரியும்லா?”

“தெரியும்.”

“பின்ன ஏன் சொல்லல?”

“மறந்துட்டேன் சார்.”

இன்றைக்கு வரைக்கும் நான் அதை நம்பவில்லை.

“புதன்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போவுது டீச்சர். பிள்ளையார்தான் போலிருக்கு.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே? வீட்டுக்குப் போங்க.”

போனார். அதற்கடுத்த வாரம், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டோடு வந்தார். படி ஏறும்போதே கதையை ஆரம்பித்துவிட்டார்.

பின்வாசலில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்திருக்கிறார். வளையத்தைத் திருப்பினால் கண் தெளிவாகிறது. அம்மா லேசாக அசைந்தால் போய்விடுகிறது. மறுபடி திருப்பல். ஒண்ணு ரெண்டு மூணு சொல்ல நேரம் ஏது!

“எடுத்தாச்சா? அடுப்புல சாம்பார் கெடக்கு.”

“இரு இரு, மூக்கு வந்துட்டு. கண்ணு வரல.”

“என்னங்க, ஒரேயடியா இப்படிப் பாக்கிய?”

“கொஞ்சம் வாயைத் தெறந்தாத்தான் என்னவாம்?”

“ஏன், கல்யாணத்தன்னைக்கு ஸ்டுடியோவுல ‘பல்லைக் காட்டாத’ன்னு சொன்னது யாரு?”

“எந்த மடப்பய சொன்னான்?”

“நீங்கதான்.”

“எனக்கு பகீர்னுட்டு டீச்சர்” என்றார் சார். “சத்தியமா ஞாபகம் இல்ல. அவ அதை அப்படியே வச்சிருந்திருக்கா.”

“என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? ‘தப்பு ஆவுடை, நான் ஒரு கூறுகெட்டவன். காட்டு, நல்லாக் காட்டு’ன்னேன்.”

அதைச் சொல்லும்போதும் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லையாம். ஃபோகஸ் போய்விடக்கூடாதே! அப்படியே பின்னால் ஓர் அடி வைத்தவர், துணி ஊறப்போட்டிருந்த வாளிக்குள் காலை விட்டுவிட்டார். முழங்கால் வரை சோப்புத் தண்ணீர்.

ஆவுடையம்மாள் சிரித்தார். இந்தத் தடவை கேமரா க்ளிக் ஆனது.

பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தோம். இடது பக்கம் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது. ஒரு கை வயிற்றைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை நாற்காலியைப் பிடித்திருக்கிறது. வாயைப் பொத்த கை மிச்சமில்லை. எவ்வளவு அழகான அம்மா! பக்கத்தில் சார், தனியாக, பாஸ்போர்ட் படத்தில் விறைத்துக்கொண்டு நிற்கிறார். ஆளாளுக்குக் கை தட்டினோம். சாருக்குத் தலைகால் புரியவில்லை.

“இப்ப கை நல்லாப் பழகிட்டு டீச்சர். வீட்டுல உக்காந்து நாள்பூரா திருப்பிப் பாத்தாச்சு. இனிமே பாருங்க, கண்ணை மூடித் தெறக்கதுக்குள்ள ஃபோகஸ் பண்ணிருவேன். ஒரு தடவைகூடத் தப்பாது!”

ஜெபக்கனி பதறிப்போனார்.

“ஐயய்யோ, அப்படிச் செஞ்சிராதீங்க சார். பெறகு அவங்க எதைப் பாத்துச் சிரிப்பாங்க?”