பூரணிக்கு ஒரு கஷ்டம்

வேலாயுதத்துக்கு முதலில் அநியாயம் செய்தவன் அவருடைய தம்பி சங்கரபாண்டி. செய்தபோது தம்பிக்கு வயது ஏழு.

ஏழு வயதுப் பிள்ளைதானே என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். வேலாயுதம் விடவில்லை. ஐம்பது வருஷமாக அதை வயிற்றிலேயே வைத்திருந்தார். தம்பி அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்து, மாடியில் வெயில் விழுகிற அறையைக் கொடுத்து, தினமும் காலையில் தன் கையாலேயே காப்பி போட்டுக் கொண்டுவந்தான். அந்தக் காப்பியும் அதே வயிற்றில்தான் போய் இறங்கியது.

இரண்டாவது அநியாயம் தம்பியின் மூத்த மகள் ஓவியா செய்தது. அதற்காகத்தான் அவர் அறுபத்தோராம் வயதில் இங்கிலீஷ் படிக்கப் போனார்.

நியூ ஜெர்சியில் அவர்கள் இருந்த ஊரின் நூலகத்தில், சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்கு இலவச வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் ரெஜினா டீச்சர். பாளையங்கோட்டைக்காரர். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்.

முதல் நாள் வேலாயுதம் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதை மட்டும் வாசிச்சுச் சொல்லிருங்க டீச்சர். எனக்கு வகுப்பு வேண்டாம்."

"என்ன தாள் இது?"

"என் தம்பி மக காலேஜுக்கு எழுதிக் கொடுத்தது. உள்ள நான் இருக்கேன்."

டீச்சர் தாளைப் பிரிக்கவில்லை. அதே மடிப்போடு எடுத்து அவர் பையிலேயே செருகினார்.

"எத்தனாங் கிளாஸ் வரைக்கும் போனீங்க அண்ணாச்சி?"

"அஞ்சு. ஏபிசிடி தெரியும்."

"அப்போ பாதி தெரியும். உட்காருங்க."

அந்தத் தாளின் கதை இது.

தம்பி வீட்டில் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எல்லாக் காரியமும் ஒரு காலேஜைப் பார்த்தே நடந்தது. நூறு பேர் கேட்டால் நாலு பேருக்கு இடம் கொடுக்கிற காலேஜ். ஓவியாவை ஐந்து வயதில் வயலினில் சேர்த்தார்கள். எல்லா வீட்டிலும் வயலின்தான் என்று கேள்விப்பட்டதும், பிள்ளையைவிட உயரமான ஒரு வாத்தியத்துக்கு மாற்றினார்கள். தமிழ் வகுப்பு விண்ணப்பத்துக்கு உதவாது என்று நிறுத்தினார்கள். உதவும் என்று யாரோ சொன்னதும் மறுபடி கொண்டுபோய் விட்டார்கள். நீச்சல், ரோபோ, ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்குச் சூப் ஊற்றுவது, எல்லாம் நடந்தது.

கடைசியில், விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் ஒரு தமிழ் அம்மாளிடம் போனார்கள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இது எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. நீ என்ன கஷ்டப்பட்டாய், அதை எழுது" என்றாராம்.

வீடு முழுக்கத் தேடினார்கள். கஷ்டம் என்று ஒன்றும் அகப்படவில்லை. மாடியறையில் மட்டும் இருந்தது.

ஓவியா நாலு நாள் தேநீரோடு மாடியேறி வந்தாள். "பெரியப்பா, உப்பளத்தில் வேலை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அதுவரை அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. தூத்துக்குடியில் பதினொரு வயதில் உப்பளத்துக்குப் போனது, உப்பு வாரும் பலகை தன்னைவிட உயரமாக இருந்தது, வெடித்த காலில் உப்புத் தண்ணீர் ஏறினால் எப்படி இருக்கும் என்பது, எல்லாம் சொன்னார். உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினார். பிள்ளை தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். அன்று அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

காலேஜில் இடம் கிடைத்தது. வீட்டில் விருந்து வைத்தார்கள். விண்ணப்பத்து அம்மாளும் வந்திருந்தார். "என் அண்ணன்" என்று தம்பி அறிமுகம் செய்ததும், அந்த அம்மாள் நீட்டிய கை பாதியில் நின்றது. "உப்பளத்துப் பெரியப்பாவா? வேறு பெரியப்பா இருக்கிறாரா?" என்று கேட்டார். ஓவியா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"என்னல எழுதியிருக்கா?" என்று வேலாயுதம் தம்பியிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா ஒரு ஃபாரம்."

சின்னவள் பூரணிதான் அந்தத் தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து தலையணைக்கடியில் வைத்தாள். "நான் வாசிச்சுச் சொல்ல மாட்டேன் பெரியப்பா. எனக்கு வாய் வராது" என்றாள்.

ஒன்றரை வருஷம் போனது. வேலாயுதம் பால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்தார். பஸ் பலகையைப் படித்தார். பல் டாக்டர் அனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டுப் போகாமல் இருந்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் தாளையும் பை மாற்றினார். பிரிக்கவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

போன வாரம் தம்பி மாடிக்கு வந்தான். காப்பிக்கு நேரமில்லாத நேரத்தில் காப்பியோடு வந்தான்.

"அண்ணே, பூரணிக்கு ஒண்ணு வேணும்."

"என்ன?"

"கஷ்டம்."

வேலாயுதம் காப்பியைக் கீழே வைத்தார்.

"உப்பளத்தை ஓவியா எடுத்துக்கிட்டா. அதையே மறுபடி எழுத முடியாது, ஒரே குடும்பம்னு தெரிஞ்சிரும். வேற ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

"உங்கிட்ட இல்லியா?"

"எனக்கென்ன இருக்குண்ணே. நீங்க என்னைப் படிக்க வச்சீங்க, படிச்சேன். எல்லாம் நல்லா அமைஞ்சுபோச்சு. அதான் இப்போ பிரச்சனை."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் வாடியிருந்தது. தலையில் பாதி முடி இல்லை. பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வேலாயுதத்துக்குப் பாவமாகவும் இருந்தது, அதற்காகத் தன்மேலேயே கோபமாகவும் இருந்தது.

"சனிக்கிழமை சொல்லுறேன்" என்றார்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு கேள்வி டீச்சர். சின்னவளுக்கும் என் கதை வேணுமாம். கொடுக்கவா, வேண்டாமா?"

"முதல்ல கொடுத்ததை வாசிச்சாச்சா?"

அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

"வாசிங்க. சத்தமா."

தாளைப் பிரித்தார். மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று வாசித்தார். உப்பளம் வந்தது. பலகை வந்தது. உள்ளங்கால் வந்தது. "நல்லாத்தான் எழுதியிருக்கா கழுதை" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கடைசிப் பத்தியில் ஒரு சொல்லில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து அந்த வரியை வாசித்தார்.

"டீச்சர், நான் செத்துட்டேன்."

"எப்போ?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்துல. கடற்கரையில போய் எனக்காக ஒரு பிடி உப்பைத் தண்ணியில போட்டாளாம். அழுதாளாம்."

"எப்படிச் செத்தீங்க?"

"அதை எழுதலை." தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "கடைசி வரைக்கும் நான் சாப்பாட்டுல உப்பே சேர்த்துக்கலையாம். நான் தயிர்சாதத்துக்கே உப்புக் கேக்கிறவன்."

டீச்சர் சிரிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை தவறாம போன் பண்ணுறா" என்றார் வேலாயுதம். "பெரியப்பா, சாப்பிட்டீங்களா, குளிருக்குக் காலுறை போட்டீங்களான்னு கேக்கிறா. செத்தவன்கிட்ட."

டீச்சர் பெட்டியைத் திறந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒன்றரை வருஷமாக அவருடைய நோட்டை அந்தப் பென்சிலால்தான் திருத்தினார். அதை வேறு யார் கையிலும் அவர் கொடுத்து வேலாயுதம் பார்த்ததில்லை. இப்போது அதை வேலாயுதத்தின் முன்னால் வைத்தார்.

"தப்பு இருந்தா திருத்துங்க."

வேலாயுதம் வெகுநேரம் யோசித்தார். பிறகு ஒரே சொல்லைத்தான் அடித்தார். அதற்கு மேலே, கோணல் எழுத்தில், இங்கிலீஷில், 'மாடியில் இருக்கிறார்' என்று எழுதினார்.

"ஓவியா வந்தா இதைக் காட்டுவேன்" என்றார். "என் உயிரை அவ திருப்பித் தரணும்."

"சரி."

"சின்னவ விஷயத்துக்கு நீங்க பதில் சொல்லலை."

"கொடுக்கிறதுக்கு இன்னொண்ணு இருக்கா உங்ககிட்ட?"

"ஒண்ணே ஒண்ணு."

சொன்னார்.

உப்பளத்தில் அப்பாவுக்குக் கால் சீழ் வைத்துவிட்டது. வீட்டிலிருந்து ஒரு ஆள் வேலைக்குப் போயாக வேண்டும், ஒருவன் பள்ளிக்கூடம் போகலாம். எவன் நன்றாகப் படிக்கிறான் என்று அப்பாவுக்குத் தெரியாது, அவருக்கு எழுத்து தெரியாது. கடலை மடித்து வந்த பேப்பர்த் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து, "சின்னவன் முதல்ல வாசி" என்றார்.

"கொழும்புக்குப் போகும் தோணியில் நானூறு மூட்டை வெங்காயம் ஏற்றப்பட்டது. இன்னும் எனக்கு மறக்கலை டீச்சர். அவன் கடகடன்னு வாசிச்சான். ஒரு இடத்துல திக்கலை. அப்பா அழுதுட்டார். என்னை வாசிக்கச் சொல்லவே இல்லை."

"தம்பி நல்லா வாசிச்சிருக்கார்."

"வாசிக்கலை. அந்தப் பேப்பரோட ஓரம் கிழிஞ்சிருந்தது. கிழிஞ்சுபோன சொல்லையும் சேர்த்து வாசிச்சான். முந்தின நாள் கடலையைப் பிரிக்கும்போது, கிழியறதுக்கு முன்னால, நான்தான் அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன். நான் சொன்னதைத்தான் ஒப்பிச்சான்."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"அவன் என்னைப் பார்த்தான். நான் சும்மா இருந்துட்டேன்."

நூலகத்தில் யாரோ புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இதைக் கொடுத்தா பூரணிக்கு இடம் நிச்சயம்" என்றார் வேலாயுதம். "ஆனா அவ அப்பனைக் கள்ளன்னு எழுதணும். கொடுக்கலைன்னா பிள்ளைக்கு இடம் போயிரும்னு அவன் செத்துருவான்."

"பூரணி கேட்டாளா?"

"இல்லை. அவ அப்பன்தான் கேட்டான்."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஓரங்களை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"கேட்டவருக்கே எழுதுங்க. தமிழ்ல."

"மன்னிச்சிரச் சொல்லுறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"எனக்கு வர வேண்டியது வந்தாத்தான் மன்னிப்பேன்."

"வரலையே அண்ணாச்சி. அது எனக்கும் தெரியுது."

வேலாயுதம் பென்சிலை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அவன் பெரிய இன்ஜினியர். நான் அஞ்சாங் கிளாஸ். அவனுக்கு நான் எப்படி எழுதுறது?"

"ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரியற மாதிரி எழுதுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே கேட்டார்.

"எழுதி, அவன் கையில கொடுத்துரவா?"

"கொடுத்துராதீங்க" என்றார் டீச்சர். "அவர் பார்க்காமலே வாசிச்சிருவார். இந்தத் தடவை நீங்க வாசிங்க."