மூக்காயியின் மூடாத மூக்கு

கொசுவலையால் குளத்தை அரித்தவன் நீதான். பேரைச் சொல்லாமல் விடுகிறேன். நகத்தளவு மீன்குஞ்சைக்கூட விடாமல் வாரிக்கொண்டு போனாயே! உன்னைப் போலவே முன்னே ஒருத்தி இருந்தாள். கேள்.

பறவையும் நத்தையும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், மூக்காயி என்று ஒரு நாரை. அப்போது அவள் மூக்கு இடுக்கி மாதிரி மூடும். சேற்றில் மிளகளவு நத்தை கிடந்தாலும் தப்பாது. மகன் சடையனுக்கும் அதையேதான் பழக்கினாள். மற்ற நாரைகளும் அவளைப் பார்த்துத் துடைத்துத் தின்றன. நத்தை அற்றுப்போனது. பசி தாங்காமல் கூட்டம் வடக்கே கிளம்பியது.

"இங்க என்னம்மா இருக்கு, நான் திரும்பி வர?" என்று கேட்டுவிட்டுச் சடையனும் போனான்.

மூக்காயிக்குச் சிறகு விரியவில்லை. வானத்தையே பார்த்துக் கிடந்தாள். ஒருநாள் கரையோரம் ஒரு நத்தை, கடைசி நத்தை, முட்டையிடும்போது அகப்பட்டது. என்னை விடு, குளம் மறுபடி நிறையும், உன் பிள்ளை வருவான் என்றது. முட்டையில் பாதி எனக்கு என்று பேரம் பேசினாள் மூக்காயி. நத்தை மசியவில்லை. சரி, இனிப் பொடிசைத் தொடமாட்டேன், சத்தியம் என்றாள்.

"போக்கா. உன் சத்தியத்தை யாரு நம்புவா? உன் மூக்காலதான் எங்க சனமே செத்துச்சு. பசிச்சா உன் மூக்கு உன் பேச்சைக் கேக்குமா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நத்தையை விட்டுவிட்டு, கரையில் கிடந்த கூழாங்கல்லை மூக்கின் நடுவில் வைத்து, உயிர் போகக் கடித்தாள். அலகு வளைந்து நடுவில் சந்து விழுந்தது. முட்டை பொரிந்ததும் ஆசை தாளாமல் கொத்தத்தான் செய்தாள். பொடி நத்தையெல்லாம் அந்தச் சந்து வழியே நழுவித் தண்ணீருக்கே போயின.

மழை பெய்து, நத்தை கொழித்து, நாரைகள் திரும்பின. விஷயம் அறிந்து அவையும் ஆளுக்கொரு கல்லைக் கடித்தன. சடையன் மட்டும் வரவில்லை. தூரத்தில் ஒரு சிறகு தெரிந்தால் போதும், 'வாடா' என்று கூப்பிடப் பார்ப்பாள். மூடாத மூக்கில் சொல் நிற்கவில்லை. டக்டக் என்ற ஓசைதான் வந்தது.

நத்தைகுத்தி நாரைக்கு மூக்கு மூடாமல் போனது அன்று முதல்தான். குஞ்சு இன்றைக்கும் மூடிய மூக்கோடுதான் பிறக்கிறது. சிறிசை விட்டுத் தின்னப் பழகப் பழகத்தான் சந்து விழுகிறது. கூட்டில் நின்று டக்டக் என்று வானத்தைக் கூப்பிடுவதும் அதனால்தான்.

உன்னிடம் யாரும் மூக்கைக் கேட்கவில்லை. உன் மகன் இப்போது உன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண் பெரிய வலையாக ஒன்றை அவன் கையில் கொடு. நாளைக்கு என்று சொல்லாதே. இன்றைக்கே கொடு.