மலைக்கொழுந்தன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தது யார்?

முன்னொரு காலத்தில், மூன்று பக்கம் மலைகளும் நான்காவது பக்கம் மன்னரின் பிடிவாதமும் காவல் காத்த ஒரு நாடு இருந்தது. மலைகளையாவது எப்படியோ ஏறிக் கடந்துவிடலாம். மன்னருக்கு ஒன்று தோன்றிவிட்டால், அது நடந்து முடியும்வரை அரண்மனையில் சோறுகூட நிம்மதியாக வேகாது.

அந்த ஆண்டு மன்னருக்குத் தோன்றியது மேடை. வசந்த விழா விளையாட்டுகளில் வென்றவர்கள் அதுவரை வெயிலில் நின்றபடியே மாலையை வாங்கிக்கொண்டு போனார்கள். இனி அவர்கள் உட்கார வேண்டும் என்றார் மன்னர். சிற்பியை அழைத்து இரண்டு கல் மேடைகள் செய்யச் சொன்னார். ஓட்டம், வழுக்குமரம் போன்ற தனியாள் விளையாட்டுகளுக்கு, ஒரே ஓர் ஆள் உட்காரும் ஒற்றை மேடை. சடுகுடு, வடம் இழுத்தல் போன்ற குழு விளையாட்டுகளுக்கு, இருபது பேர் இடித்துக்கொண்டு உட்காரும் நீள மேடை.

சிற்பி ஒற்றை மேடையை உயிரைக் கொடுத்துச் செய்தான். ஆளுயரத்துக்கு மேல் எழுப்பினான். நான்கு மூலையிலும் யாளி, நடுவில் தாமரை, பக்கங்களில் பளபளவென்று மெருகு. படி வைக்க மட்டும் மறந்துவிட்டான். நாடே வந்து அதன் அழகைப் பார்த்துவிட்டுப் போனது. யாரும் ஏறிப் பார்க்காததால் அந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை.

விழாவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது சிற்பி சபையில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

“மகாராஜா, எல்லா விளையாட்டோட பேரையும் வெட்டியாச்சு. மற்போர் ஒண்ணுதான் பாக்கி. அதை எந்த மேடையில வெட்டணும்?”

மன்னர் வாயைத் திறந்தார்.

“கோதாவில் ஒருவன்தானே வெல்கிறான்? ஒற்றை மேடையில் வெட்டு” என்றார். சிற்பி திரும்பி நான்கு அடி வைப்பதற்குள், “நில்! கோதாவில் இருவர் இருக்கிறார்களே? நீள மேடையில் வெட்டு” என்றார். அவன் மறுபடி திரும்பினான். “நில், நில்! ஒருவனை ஒருவன் புரட்டி எடுக்கும் இருவர் எப்படி ஒரு குழு ஆவார்கள்?”

அன்று மதியம் மன்னர் சாப்பிடவில்லை. ஆகவே அரண்மனையில் யாரும் சாப்பிடவில்லை.

பிரதானி ஆவுடையப்பர் இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார். அவைக்களத்து விகடனான உத்தண்டியைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். தான் மூன்று நாள் முகவாயைத் தடவி யோசித்துச் சொல்வதை, அந்த ஒல்லிப்பிச்சான் வெற்றிலையை மென்றபடியே சொல்லிவிடுகிறான். மன்னர் சிரிப்பதும் அவன் சொல்லும்போதுதான்.

“மன்னர் பெருமானே, இந்த வழக்கைத் தீர்க்கத் தகுதியானவர் நம் உத்தண்டி ஒருவரே. அவர் தம் தீர்ப்பை விழாவன்று சொல்லட்டும். வாயால் மட்டும் சொன்னால் போதாது. ஊர் பார்க்க, கோதாவில் இறங்கி, நம் மல்லர் மலைக்கொழுந்தனுக்கு எதிரே நின்று நிரூபிக்கட்டும். இயலாவிட்டால் அன்றைக்கே மலையைத் தாண்டிப் போய்விடட்டும்.”

“ஆகா!” என்றார் மன்னர். அவருக்கு உடனே பசித்தது.

உத்தண்டிக்கு வாயில் இருந்த வெற்றிலை கசந்தது. மலைக்கொழுந்தன் கதவுக்குள் நேராக நுழையமாட்டான். பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான். இருபது ஆண்டுகளாக அவன் முதுகு மண்ணைத் தொட்டதில்லை.

வீட்டில் மனைவி அங்கம்மை அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்க விலா எலும்ப எண்ணணும்னா சட்டையக்கூடக் கழட்ட வேண்டாம். அவன் ஒரு பிடி பிடிச்சா எது எதுன்னு பொறுக்கிச் சேர்க்கிறதுக்கு நான் முறம் எடுத்துட்டுல்ல வரணும்?”

“நான் அவனோட மல்லுக்கு நிக்கப் போறதில்ல அங்கம்மா. தீர்ப்புதான் சொல்லப் போறேன்.”

“எங்கிருந்து? கோதாவுக்குள்ள இருந்துதானே? போங்க, முதல்ல அது எப்படியிருக்குன்னாவது பார்த்துட்டு வாங்க. நீங்க அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே நான் பார்த்ததில்ல.”

சொன்னது சரிதான் என்று பட்டது. மறுநாள் காலை உத்தண்டி ஒரு மடி பொரிகடலையோடு கோதாவுக்குப் போனான்.

வேப்பமரத்தடியில் பள்ளமாக வெட்டிய சதுரக் களம் அது. மண்வெட்டியோடு மாரக்காள் என்ற பெண், மண்ணைப் புரட்டி, மஞ்சளும் மோரும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். புட்டுக்கு மாவு பிசைவதுபோல் இருந்தது. தினமும் அப்படிச் செய்தால்தான் விழுகிறவன் எலும்பு முறியாதாம். மலைக்கொழுந்தன் குப்புறப் படுத்திருக்க, கங்கன் என்பவன் அவன் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் பாதாம் உருண்டையை வாயில் ஊட்டினான். இன்னொருவன் பக்கத்தில் சும்மா நின்றான்.

“நீ என்னப்பா செய்யிற?” என்று அவனைக் கேட்டான் உத்தண்டி.

“இவரு எடுக்கிற தண்டால எண்ணுவேனுங்க. இவருக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதுக்கு மேல நான்.”

உத்தண்டி மல்லனின் தலைப்பக்கம் குந்தி உட்கார்ந்தான்.

“பயில்வானே, இது தனியாள் விளையாட்டா, குழு விளையாட்டா? உன் அபிப்பிராயம் என்ன?”

“இதென்ன கேள்வி, சாமி?” என்றான் மலைக்கொழுந்தன், உருண்டையை விழுங்கிவிட்டு. “இருபது வருஷமா ஜெயிச்சது யாரு? நான் ஒருத்தன்! எவன் ஒத்தாசை பண்ணான்? கங்கா, இடது தோள்பட்டைக்குக் கீழ, இன்னும் கொஞ்சம் அழுத்து... நான் ஒருத்தன்தான்!”

கங்கன் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். ஆனால் மாரக்காளின் மண்வெட்டி ஒரு கணம் நின்று, முன்னைவிடச் சத்தமாக மண்ணில் இறங்கியது. உத்தண்டி அதைக் கேட்டான். மடியில் இருந்த பொரிகடலை முழுவதையும் மாரக்காளுக்கே கொடுத்துவிட்டு, நேரே அரண்மனைக்கு ஓடினான்.

“மன்னா, விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை மற்போரைத் தனியாள் விளையாட்டாகவே வைத்துப் பார்ப்போம். மல்லனுக்கு அவனைத் தவிர வேறு எவரும் எதுவும் செய்யக் கூடாதென்று தாங்கள் ஆணையிட வேண்டும். தீர்ப்பை விழாவன்று கோதாவில் சொல்கிறேன்.”

ஆவுடையப்பர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். தனியாள் விளையாட்டென்றால் இவனும் தனியாகத்தானே மாட்டுவான்! தண்டோரா போடும் ஆளை அவரே அனுப்பி வைத்தார். மல்லனுக்குக் கைகொடுப்பவருக்கு மொட்டை அடிக்கப்படும் என்ற வரியையும் தன் கையாலேயே சேர்த்தார்.

முதல் நாள் மலைக்கொழுந்தனுக்கு ஒரே குதூகலம். இரண்டாம் நாள் முதுகு காய்ந்தது. உலகத்தில் எந்தக் கையும் தன் முதுகின் நடுப்பகுதியை எட்டாது என்பதை அவன் அன்றுதான் கண்டுபிடித்தான். கல்தூணில் எண்ணெயைப் பூசி அதில் முதுகைத் தேய்த்தான். தூண் பளபளத்தது. அவன் வழுக்கி விழுந்து நெற்றி வீங்கியது. அதன் பிறகு ஊர் எருமைகள் எல்லாம் அந்தத் தூணுக்கு வந்து வரிசையில் நிற்க ஆரம்பித்தன. அவனும் அவற்றுக்கு நடுவே தன் முறைக்காகக் காத்து நின்றான்.

தண்டால் இன்னும் மோசம். தினம் ஐந்நூறு எடுப்பது வழக்கம். இருபதுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். எத்தனை இருபது ஆயிற்று என்பது புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று பொழுது சாயும்வரை எடுத்தான். சமைத்த கஞ்சி கல்லாகியது. மண்ணைப் புரட்டத் தெம்பில்லை. வெயிலில் கோதா வறண்டு பாளம் பாளமாக வெடித்தது.

ஏழாம் நாள் உத்தண்டி அந்தப் பக்கம் போனபோது, மல்லன் வேப்பமரத்தோடு பேசிக்கொண்டிருந்தான்.

“நீயாவது என் முதுகுல ஒரு குத்து குத்தேன்” என்று மரத்திடம் கெஞ்சினான்.

உத்தண்டிக்குப் பாவமாக இருந்தது. என்றாலும் தன் விலா எலும்புகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பேசாமல் திரும்பிவிட்டான்.

விழா நாள் வந்தது. முதல் விளையாட்டே மற்போர். இரண்டு மேடைகளுக்கும் பட்டுத் துணி போர்த்தியிருந்தார்கள். மக்கள் வேப்பமரத்தின் கிளைகளில்கூட உட்கார்ந்திருந்தார்கள். அங்கம்மை சொன்னபடியே ஒரு முறத்தோடு முன்வரிசைக்கு வந்திருந்தாள்.

மலைக்கொழுந்தன் தள்ளாடியபடி கோதாவில் இறங்கினான். இடுப்புக் கச்சையைப் பின்பக்கம் ஏழு சுற்று இழுத்துக் கட்டுவது கங்கனின் வேலை. இப்போது அதை அவனே முன்பக்கம் முடிந்து, வயிற்றின்மேல் ஒரு பூசணிக்காய் அளவுக்கு முடிச்சு வைத்திருந்தான்.

உத்தண்டி கரையிலேயே கைகட்டி நின்றான்.

“உத்தண்டி, ஏன் தாமதம்? இறங்கு!” என்றார் மன்னர்.

“எப்படி இறங்குவேன், மன்னா? தனியாள் விளையாட்டென்று தங்கள் ஆணை இருக்கிறதே. உள்ளே ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். நானும் இறங்கினால் இரண்டு பேர் ஆகிவிடுமே. ஆணையை மீறி மொட்டை அடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.”

“ஒருவன் மட்டும் எப்படி மல்லுக்கு நிற்பான்?” என்று கத்தினார் ஆவுடையப்பர்.

“அதைப் பார்க்கத்தானே ஊரே கூடியிருக்கிறது, பிரதானியாரே!”

மன்னருக்கும் ஆவல் வந்துவிட்டது. “தொடங்கட்டும்!” என்றார்.

மலைக்கொழுந்தன் நாலாபுறமும் பார்த்தான். “யாரைப் புடிக்கிறது, மகாராஜா?”

“உன்னைத்தான்!” என்று மரக்கிளையிலிருந்து ஒருவன் கத்தினான்.

அரசன் ஆணை ஆயிற்றே. மலைக்கொழுந்தன் தொடையைத் தட்டினான். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தான். இடது கை திமிறி, வலது கையை முறுக்கியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து, பாதிப் பேர் வலது கைக்கும் பாதிப் பேர் இடது கைக்கும் கூச்சல் போட்டார்கள். ஒரு காலால் மறுகாலைத் தட்டிவிட்டான். அது அருமையான தட்டு. இருபது ஆண்டு அனுபவம் அதில் இருந்தது. மறுகணம் தொம்மென்று மல்லாந்து விழுந்தான். முரசடிப்பவன் பழக்க தோஷத்தில் ஓங்கி ஓர் அடி அடித்து, “மலைக்கொழுந்தன் தோற்றார்!” என்று அறிவித்தான். பிறகு குழம்பிப்போய், “வென்றவரும்... மலைக்கொழுந்தனே!” என்று சேர்த்தான்.

விழுந்தவன் எழவில்லை. படுத்தபடியே விம்மினான்.

“என்னால முடியாது, மகாராஜா! பத்து நாளா முதுகு அரிக்குது. கஞ்சி கல்லா இருக்கு. எத்தனை தண்டால் எடுத்தேன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இந்த மண்ணு முள்ளு மாதிரி குத்துது. மாரக்கா எங்க? கங்கா, நீ எங்கடா போயிட்ட?”

மன்னரின் கண்ணே கலங்கிவிட்டது. “அந்த ஆணையைத் திரும்பப் பெற்றேன்!” என்றார்.

ஆவுடையப்பர் குதித்து எழுந்தார். “அப்படியானால் இது குழு விளையாட்டு என்பதே விகடனின் தீர்ப்பு. அதையும் அவர் கோதாவில் நிரூபிக்க வேண்டும். உமது குழு எங்கே, உத்தண்டி? அழைத்துக்கொண்டு இறங்கும்!”

உத்தண்டி மேல்துண்டை அங்கம்மையின் முறத்தில் போட்டுவிட்டு, தன்னந்தனியாகக் கோதாவில் இறங்கினான். மலைக்கொழுந்தனைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, அவன் எதிரே நின்றான். அவனுடைய தலை மல்லனின் கச்சை முடிச்சு வரைக்கும்தான் வந்தது.

பிறகு உத்தண்டி மெல்லக் குந்தினான். ஒரு கையை ஊன்றினான். மண் கட்டிகள் குத்தியதால் “ஐயோ, அம்மா” என்று முனகியபடி, முதுகு முழுவதும் மண்ணில் படும்படி வசதியாகப் படுத்துக்கொண்டான்.

“நான் தோற்றேன், மன்னா. அடியுங்கள் முரசை.”

முரசு முழங்கியது.

“மோசடி!” என்றார் ஆவுடையப்பர். “இவர் தோற்றுவிட்டார்!”

“நிரூபிக்கத்தான் சொன்னீர்கள், பிரதானியாரே. வெல்லச் சொல்லவில்லையே” என்றான் உத்தண்டி, வானத்தைப் பார்த்தபடி. “மன்னா, சற்று முன்பு இவர் தனியாக இருந்தார், வெல்ல முடியவில்லை. இப்போது வென்றுவிட்டார். இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: விழுவதற்கு ஓர் ஆள் வந்தான். எண்ணெய் தேய்ப்பவரும் மண் பிசைபவரும் எண்ணிச் சொல்பவரும் இவர் குழு. விழுகிற நானும் இவர் குழுதான். எதிராளி இல்லாமல் எந்த மல்லன் வென்றிருக்கிறான்?”

மன்னர் யோசித்தார். முதலில் அவருடைய மீசை ஆடியது. பிறகு தொந்தி ஆடியது. பிறகு கிரீடம் கழன்று மடியில் விழும்வரை சிரித்தார்.

“சிற்பி! மற்போரை நீள மேடையில் வெட்டு!”

மலைக்கொழுந்தன் போய் நீள மேடையின் நடுவில் உட்கார்ந்தான். வலப்பக்கம் மாரக்காளையும் இடப்பக்கம் கங்கனையும் தூக்கி வைத்துக்கொண்டான். மன்னர் போட்ட வெற்றி மாலையைக் கழற்றி மாரக்காளின் மண்வெட்டிக்குப் போட்டான். இருபது ஆண்டுகளில் அவனிடம் தோற்ற மல்லர்களும் ஒவ்வொருவராக வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“பிரதானியாரே,” என்றார் மன்னர், “பத்து நாளாகக் காய்ந்த முதுகு அது. அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளும். கங்கன் இன்று ஓய்வெடுக்கட்டும்.” ஆவுடையப்பர் அந்த முதுகை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“உத்தண்டி, உனக்கு என் முத்துமாலை. அதோடு, உன் அறிவு தனியாளுடையது. அதில் எவருக்கும் பங்கில்லை. ஆகவே ஒற்றை மேடையில் முதன்முதலாக நீதான் உட்கார வேண்டும்!”

உத்தண்டி முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு மேடையருகே போனான். பட்டுத் துணியை விலக்கினான். ஒரு சுற்று சுற்றி வந்தான். எதிர்ப்பக்கமாகவும் ஒரு சுற்று வந்தான். யாளியின் மூக்கில் கால் வைத்து ஏறிப் பார்த்தான். மெருகில் சறுக்கிக் கீழே வந்தான்.

“மன்னா, உட்காருகிறேன். ஒரே ஒரு சிறு உதவி. கோதாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னவள் என் மனைவி. இப்போது அவள் இந்தப் பக்கம் பிடிக்கட்டும். பயில்வான் அந்தப் பக்கம் தூக்கட்டும். கீழே இரண்டு பேர் தாங்கி நின்றால், நான் தனியாக ஏறி உட்கார்ந்துவிடுவேன்.”

அப்போதுதான் எடுத்துத் தலையில் வைத்த கிரீடம் மறுபடியும் மன்னரின் மடியில் விழுந்தது.