யவன ஜாடியும் எயினியின் கண்ணாடியும்

காற்றை மட்டும் நம்பிக் கப்பல் ஓடிய காலத்தில், கடலோரம் முத்தங்கரை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. கதையைக் கேட்கிறீர்களா? தூக்கம் வந்தால் தூங்குங்கள். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கே இந்தக் கதையில் கொஞ்சம் பயம்தான்.

அந்த ஊருக்கு ஒரு யவனக் கப்பல் வந்தது. கப்பல் தலைவன் ராஜாவுக்கு ஒரு ஜாடியைக் காணிக்கையாகத் தந்தான். யவனர்கள் எண்ணெய் ஊற்றி வைக்கிற ஜாடி. மார்பு உயரம், பருத்த வயிறு, இரண்டு கைப்பிடி. செம்மண் நிறத்தின் மேல் கறுப்பு வண்ணத்தில் மூன்று சாமிகள். மின்னலைக் கையில் பிடித்த தாடிக்காரர் ஒருவர். சூலம் பிடித்த கடல்சாமி ஒருவர். தோளில் ஆந்தையோடு ஒரு பெண்சாமி. மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஜாடியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். மூவருக்கும் கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"கண்ணைத் தொடாதீங்க மகாராஜா" என்று சொல்லிவிட்டுத் தலைவன் பாய் விரித்துப் போய்விட்டான்.

தொடாதே என்றால் தொடாமல் இருக்க ராஜாக்களுக்குத் தெரியுமா? "கண் திறக்காத சாமியை அரண்மனையில் வைப்பதா? கூப்பிடு கொற்றனை!" என்றார்.

கொற்றன் சாமி சிலைகளுக்குக் கண் திறக்கிற சிற்பி. அது லேசான காரியம் இல்லை. திறந்ததும் சாமி பார்க்கிற முதல் பார்வையை மனிதரால் தாங்க முடியாது. அதனால் சிற்பி பக்கத்தில் ஒதுங்கி நின்று பொன் ஊசியால் கண்ணைக் கீறுவான். சாமிக்கு நேர் எதிரே ஒருவர் கண்ணாடி பிடிப்பார். முதல் பார்வை கண்ணாடியில் விழுந்து அடங்கிவிடும். கொற்றனுக்குக் கண்ணாடி பிடிப்பவள் அவன் மனைவி எயினி.

கொற்றன் நல்லவன்தான். ஒரே ஒரு குறை, வேலையில் இறங்கினால் நிமிர மாட்டான்.

"என்னங்க, பேசும்போது ஒரு தடவை என் முகத்தைப் பாருங்களேன்" என்பாள் எயினி.

"ம்" என்பான் கொற்றன். பார்க்க மாட்டான். அன்று காலையும் அப்படித்தான்.

அரண்மனையில் எயினி வெண்கலக் கண்ணாடியை ஜாடிக்கு நேரே பிடித்தாள். கொற்றன் கடல்சாமியின் முதுகுப் பக்கம் ஒதுங்கி நின்று கண்ணைக் கீறினான். பெண்சாமிக்கும் முதுகுப் பக்கம் நின்றே கீறினான். தாடிக்காரருக்கு மட்டும் கை எட்டவில்லை என்று மறுபக்கம் மாறி நின்றான். ஊசி பட்டது. கண் திறந்தது.

கொற்றனைக் காணோம்!

பொன் ஊசி தரையில் கிடந்தது. ஜாடியில், தாடிக்காரருக்கும் பெண்சாமிக்கும் நடுவில், புதிதாக ஓர் உருவம். கொற்றனேதான். தாடிக்காரர் அவன் தோளைப் பிடித்திருந்தார். அவன் பாதம் கறுப்பாகிவிட்டது. கறுப்பு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

எயினிக்கு அப்போதுதான் உறைத்தது. நம் சாமிகள் நேரே பார்க்கும். இந்தச் சாமிகள் பக்கவாட்டில் பார்க்கின்றன! "ஐயோ, பார்வையே இல்லாத இடத்துல கண்ணாடியைப் பிடிச்சேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜாடி பேசியது. யவன சாமிக்கு நம் மொழி எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சாமிக்குத் தெரியாத மொழி உண்டா?

"எனக்கும் ஒரு முகம் கொடு!" என்றது கடல்சாமி.

"எனக்கும் ஒரு முகம் கொடு!" என்றது பெண்சாமி.

ராஜா சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "பொழுது சாய்ந்ததும் இதைக் கடலில் போட்டுவிடுங்கள்!" என்று கத்தினார். எயினி காலில் விழுந்தாள். "பொழுது சாயும் வரைதான் அம்மா" என்றார் ராஜா. அவருக்கும் ஊரைக் காக்க வேண்டுமே.

எயினி குனிந்து, பார்வை படாமல் ஜாடியின் அடியில் போய் உட்கார்ந்தாள். கறுப்பு கொற்றனின் முழங்காலைத் தாண்டிவிட்டது.

"சாமி, என் வீட்டுக்காரரை விட்டுடுங்க."

"விடமாட்டேன்" என்றார் தாடிக்காரர். "எத்தனையோ காலமாகச் சுற்றுகிறேன். கண் திறந்தும் முன்னால் போகிறவளின் முதுகுதான் தெரிகிறது. நான் கண்ட முதல் முகம் இவனுடையது."

"முன்னால போறது யாரு சாமி?"

"என் மகள். திரும்பிப் பார் அம்மா, திரும்பிப் பார் அம்மா என்று கூப்பிடுகிறேன். வரைந்தவன் அவளை அப்படி வரைந்துவிட்டான். அவளால் திரும்ப முடியவில்லை."

திரும்பிப் பார்க்காதவரோடு குடித்தனம் நடத்தும் வேதனை எயினிக்குத் தெரியாதா? கொற்றனின் முகத்தை அவள் நன்றாகப் பார்ப்பது தலை வாரும்போதுதான். கையில் பிடித்த கண்ணாடியில் அவள் முகம் தெரியும். பின்னால் வேலை செய்பவன் முகமும் தெரியும்.

பின்னால் இருப்பவன் முகமும் தெரியும்!

கறுப்பு கொற்றனின் மார்புக்கு ஏறிவிட்டது. ஜன்னலில் வெயில் சிவந்துவிட்டது. எயினி கண்ணாடியால் தன் முகத்தை முழுக்க மறைத்துக்கொண்டு எழுந்தாள். தடவித் தடவிப் போய்ப் பெண்சாமியின் முகத்துக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்தாள். துளி எட்டிப் பார்த்தாலும் அவளும் ஜாடிக்குள்தான்.

"கண்ணாடியை இறக்கு, முத்துமாலை தருகிறேன்" என்றது ஒரு குரல். எயினி இறக்கவில்லை.

"கண்ணாடியை இறக்கு, கடலை ஊருக்குள் விடுவேன்" என்றது ஒரு குரல். எயினி இறக்கவில்லை.

"எயினி..." என்றது மூன்றாவது குரல். கொற்றனின் குரல்! "கறுப்பு கழுத்துக்கு வந்துடுச்சு. ஒரே ஒரு தடவை உன் முகத்தைக் காட்டு."

எத்தனை வருஷம் அவள் காத்திருந்த வார்த்தை அது! கண்ணீர் கொட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியை இறக்கவே இல்லை.

பெண்சாமி கண்ணாடியைப் பார்த்தாள். முதலில் தன் முகத்தைக் கண்டாள். பிறகு தன் தோளுக்குப் பின்னால் ஒரு தாடி முகத்தைக் கண்டாள்.

"அப்பா?" என்றாள்.

தாடிக்காரர் கொற்றனின் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் மகளின் முகம். "அம்மாடி" என்றார். அவ்வளவுதான். இரண்டு கைகளையும் மகளை நோக்கி நீட்டினார். நீட்டியதும் கொற்றனின் தோள் விடுபட்டது.

தொப்பென்று தரையில் விழுந்தான் கொற்றன்! கறுப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஜாடியைத் தூக்க வந்த ஆட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

எயினி விடவில்லை. கண்ணாடியோடு ஜாடியைச் சுற்றி வந்தாள். தாடிக்காரர் தம் பின்னால் வந்த தம்பி கடல்சாமியைப் பார்த்தார். கடல்சாமி தன் பின்னால் வந்த அண்ணன் மகளைப் பார்த்தது. மூன்று முகமும் மூன்று முகத்தைக் கண்டன. "எனக்கும் ஒரு முகம் கொடு" என்ற குரல் அதோடு நின்றது. எயினி கண்ணாடியை இறக்கினாள், ஒன்றும் ஆகவில்லை.

ராஜா சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து வந்தார், எதுவும் நடக்காதவர் போல. கழுத்து முத்துமாலையைக் கழற்றி எயினிக்குப் போட்டார். ஜாடியைச் சுற்றி மூன்று பெரிய கண்ணாடிகள் நிறுத்தவும் உத்தரவு போட்டார்.

கொற்றன் அப்போதும் தரையில்தான் உட்கார்ந்திருந்தான். "உள்ளே நான் கூப்பிட்டேனே, கேட்டுச்சா?" என்றான்.

"அது நீங்கதானா? சாமியோட தந்திரம்னுல்ல நினைச்சேன்!"

"நானேதான்" என்றான் கொற்றன். பொன் ஊசி அவன் காலடியில் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அழுது வீங்கிய அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் ஒருவர் முகம் ஒருவர் பார்த்து நெடுங்காலம் வாழ்ந்தார்கள். கதை முடிந்தது. பிடித்த கையை இனி விடலாம். விடுவதற்கு முன், அது யார் கை என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.